முப்பதைத் தாண்டியவர்களை என்ன செய்வது? சிமுலேஷன் கூடைப்பந்து லீகில் சீனியர்களின் கணக்கு

கேள்வி இது: "நண்பர்கள் 12 பேர் சேர்ந்து பாஸ்கெட்பால் ஜிஎம் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு லீக் நடத்துகிறோம். லீகைப் பொறுப்பேற்று நடத்தும் கமிஷனர் கேம் ஃபைலை வைத்துக்கொண்டு சீசனை ஓட்டுவார், நாங்கள் ட்ரேடும் (ஆள் மாற்றிக்கொள்வது) காண்ட்ராக்டும் சொல்லி அனுப்புவோம். மீதி 18 டீமைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. ஒருவர் விலகிப்போனதால் அவர் டீம் என் கைக்கு வந்தது. 15 பேரில் 8 பேருக்கு 31 வயதுக்கு மேல். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டுதான் பெரிய நட்சத்திரம்: வயது 34, ரேட்டிங் 66, காண்ட்ராக்ட் இன்னும் 3 வருடம். போன சீசனில் கான்ஃபரன்ஸ் இறுதி வரை போன டீம். கிழங்களை எல்லாம் விற்றுவிட்டு டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வாங்கு என்கிறார்கள். செய்யலாமா?"

எல்லாரையும் விற்காதீர்கள். 8 பேரில் இரண்டு மூன்று பேரை இந்த சீசனின் ப்ளேஆஃப் முடிவதற்குள் விற்றே ஆக வேண்டும். மூன்று நான்கு பேரை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. மிச்சம் ஒன்றிரண்டு பேர் காண்ட்ராக்ட் முடிந்ததும் தானாகப் போய்விடுவார்கள், அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. யார் எந்தப் பக்கம் என்பதை வயது என்ற ஒற்றை எண் சொல்லாது. ஒவ்வொருவர் பக்கத்திலும் இருக்கும் 15 தனித்தனி ரேட்டிங்கும், காண்ட்ராக்ட் முடியும் வருடமும்தான் சொல்லும். உங்கள் நண்பர்கள் வயதை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். நீங்கள் லாபம் பார்க்கப்போகும் இடமும் அதுதான்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் ஜெரமி ஷெஃப். பிரவுசரிலேயே ஓடும். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆகவே வயது ஏற ஏற ஆட்டக்காரருக்கு என்ன ஆகிறது என்பதை நாம் ஊகிக்க வேண்டிய தேவையில்லை. 15 ரேட்டிங்கில் ஐந்து உடம்பைச் சேர்ந்தவை: உயரம், பலம், வேகம், தாவல், தாக்குப்பிடிக்கும் தெம்பு. ஐந்து புள்ளி எடுப்பதைச் சேர்ந்தவை: கூடைக்கு அடியில் ஆடும் ஆட்டம், டங்க்-லேஅப், ஃப்ரீ த்ரோ, நடுத்தூர ஷாட், த்ரீ பாயின்ட் (தூரக் கோட்டுக்கு வெளியே நின்று போடும் மூன்று புள்ளி ஷாட்). மீதி ஐந்து ஆட்ட ஞானமும் கைப்பழக்கமும்: அட்டாக் அறிவு, டிஃபென்ஸ் அறிவு, ட்ரிப்ளிங், பாஸிங், ரீபவுண்டிங். ஒவ்வொன்றுக்கும் வயது வேறு மாதிரி வேலை செய்கிறது. தாவலும் வேகமும் இருபதுகளின் கடைசியிலேயே இறங்க ஆரம்பிக்கும். முப்பதுக்கு மேல் தெம்பும் சேர்ந்துகொள்ளும். த்ரீ பாயின்ட், பாஸிங், ஆட்ட அறிவு இவையெல்லாம் முப்பதுகளின் நடுவிலும் பிடித்து நிற்கும். சில வருடம் ஒன்றிரண்டு கூடக்கூடச் செய்யும். உயரம் கடைசி வரை அப்படியே இருக்கும்.

சுருக்கமாக, கால் முதலில் போகும், கை பிறகு போகும், தலை கடைசியில் போகும். ஒரு சீனியரை எடை போடும்போது நான் கேட்பது ஒரே கேள்விதான்: இவருடைய மொத்த ரேட்டிங்கான 60-ம் 66-ம் எதனால் வந்தது? காலால் வந்ததா, கையாலும் தலையாலும் வந்ததா?

இதைக் கண்ணால் பார்த்த கதை ஒன்று. நான் பல வருடமாக இதே போன்ற ஒரு லீகில் ஆடுகிறேன். ப்ளேஆஃப் முடிந்து சாம்பியன் யார் என்று தெரிந்த கையோடு, டிராஃப்டுக்கு முன்னால், எல்லா ஆட்டக்காரர்களின் ரேட்டிங்கும் மாறும். ஆடுகிறவர்கள் இதை 'ப்ராக்ஸ்' என்பார்கள். ரோஸ்டர் பக்கத்தைத் திறந்தால் பேருக்குப் பக்கத்தில் ஏறியது பச்சையிலும் இறங்கியது சிவப்பிலும் இருக்கும். அந்த வருடம் என்னிடம் 33 வயதில் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ரேட்டிங் 58. ஒருவர் விங், அதாவது பக்கவாட்டில் ஆடுகிறவர், பறந்து பறந்து டிஃபென்ஸ் ஆடுகிறவர். இன்னொருவர் சென்டர், வழக்கமாகக் கூடைக்கு அடியில் நிற்கும் உயரமான ஆள், ஆனால் இவர் கோட்டுக்கு வெளியே நின்று த்ரீ போடுகிறவர். பக்கத்தைத் திறந்தேன். விங்குக்கு வேகத்தில் ஆறு போயிருந்தது, தாவலில் ஏழு. மொத்த ரேட்டிங் ஐந்து இறங்கி 53. சென்டருக்கும் தாவல் ஏழு போயிருந்தது, வேகம் நாலு போயிருந்தது. ஆனால் த்ரீ பாயின்ட் இரண்டு ஏறியிருந்தது, அட்டாக் அறிவு ஒன்று ஏறியிருந்தது. மொத்தம் 57. அவரிடம் தாவல் முன்பே பெரிதாக இருந்ததில்லை, இழப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. போன வாரம் வரை ஒரே எண்ணாக, ஒரே வயதாகத் தெரிந்த இரண்டு பேர். விங்கை முந்தைய பிப்ரவரியில் ஒருவர் முதல் ரவுண்ட் பிக் கொடுத்துக் கேட்டார், நான் மறுத்தேன். அந்த சிவப்பு எண்ணைப் பார்த்த பிறகு யாரும் கேட்கவில்லை. சென்டர் அதற்குப் பிறகும் மூன்று சீசன் எனக்கு ஸ்டார்ட்டராக ஆடினார்.

இது விளையாட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. நிரல் எழுதியவர் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். ஜேசன் கிட் இளமையில் வேகத்துக்குப் பேர்போனவர், ஷாட் மட்டும் கைகொடுக்காது. முதல் சீசனில், 1994-95-ல், அவர் போட்ட த்ரீக்களில் 27 சதவீதம்தான் விழுந்தது. கால் தளர்ந்த காலத்தில், 2009-10-ல், அது 42.5 சதவீதம். 2011-ல் டாலஸ் சாம்பியன் ஆனபோது அவருக்கு 38 வயது, ஸ்டார்ட்டிங் பாயின்ட் கார்ட். வின்ஸ் கார்டர் 2000-ல் டங்க் போட்டியில் ஜெயித்ததை இன்றைக்கும் பேசுகிறார்கள். அவர் 22 சீசன் ஆடினார், நான்கு பத்தாண்டுகளில் என்பிஏ ஆடியவர் அவர் ஒருவரே. பிற்பாதியில் அவரை லீகில் வைத்திருந்தது பறத்தல் இல்லை, த்ரீ பாயின்ட். கரீம் அப்துல்-ஜப்பார் 1985 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கும்போது 38 வயது. 7 அடி 2 அங்குல உயரம், தலைக்கு மேலே கையை வளைத்துப் போடும், யாராலும் தடுக்க முடியாத ஸ்கை ஹூக் ஷாட். இரண்டுமே வயதுக்குப் பயப்படாத சரக்கு.

ரேட்டிங்கைத் தவிர இன்னொன்றையும் பாருங்கள். பேருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்துகளாகத் திறமைக் குறிகள் இருக்கும். '3' என்றால் த்ரீ ஷூட்டர், 'பிஎஸ்' என்றால் பாஸர், 'ஏ' என்றால் அத்லெட், 'பி' என்றால் பந்தைக் கையாள்பவர், 'டிபி' என்றால் வெளிவட்ட டிஃபெண்டர். இவை ஒன்றோடொன்று சேரும்போது டீமுக்குக் கூடுதல் பலன் உண்டு. சீனியரிடம் முதலில் உதிர்வது 'ஏ'-யும் 'டிபி'-யும். 'பி'-க்குள்ளும் வேகம் கலந்திருப்பதால் அதுவும் ஆடிப்போகும். '3'-ம் 'பிஎஸ்'-ம் நின்று பேசும். ஆகவே மொத்த ரேட்டிங் இரண்டு புள்ளிதான் இறங்கியிருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும்போதே குறி உதிர்ந்து டீமின் டிஃபென்ஸ் பொத்தலாகியிருக்கலாம். குறி மறையும் விளிம்பில் இருப்பவரை அதற்கு முன்பே விற்பது நல்லது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சின்ன எழுத்துகளைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள்.

இப்போது உங்கள் பாயின்ட் கார்டுக்கு வருவோம். இந்த விளையாட்டின் அளவில் 66 என்பது நட்சத்திர வரிசை. 34 வயதில் 66 நிற்கிறது என்றால் உச்சத்தில் அவர் எழுபதுகளில் இருந்திருப்பார். இங்கே ஒரு விஷயம் முக்கியம். டீமின் பலத்தைக் கணக்கிடும்போது முதல் பத்துப் பேரின் ரேட்டிங்கும் சேரும், ஆனால் சமமாகச் சேராது. முதலாமவருக்கு எடை மிக அதிகம், பத்தாமவருக்கு மிகக் குறைவு. 66-ஐக் கொடுத்துவிட்டு 55-ம் 54-மாக இரண்டு இளைஞர்களை வாங்கினால் கூட்டிப் பார்க்கும்போது லாபம்போலத் தெரியும். ஆடுகளத்தில் நஷ்டம். நட்சத்திரத்தைப் பிய்த்துச் சில்லறையாக மாற்றுவது இந்த விளையாட்டில் எப்போதும் நஷ்ட வியாபாரம்.

அதனால் வைத்துக்கொள்ளலாமா? அவருடைய வேகத்தைப் பாருங்கள். வேகம் எழுபதுக்கு மேல், த்ரீ நாற்பதுகளில் என்றால், அந்த 66 காலால் வந்த 66. இந்த வருடமே விற்றுவிடுங்கள், கேட்ட விலை வராவிட்டாலும். 3 வருட காண்ட்ராக்டில் கடைசி இரண்டு வருடம் உங்கள் கழுத்தில் கல்லாகத் தொங்கும். த்ரீயும் பாஸிங்கும் அட்டாக் அறிவும் அறுபது எழுபதுகளில், வேகம் ஐம்பதை ஒட்டி என்றால், இந்த சீசனும் அடுத்த சீசனும் அவரை வைத்துச் சாம்பியன்ஷிப்புக்கு ஆடலாம். ஒப்பந்தம் கடைசி வருடத்துக்குள் நுழையும்போது விற்கலாம். கடைசி வருடக் காண்ட்ராக்டை யாரும் சுமையாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருந்தால்? விற்பேன். 34-க்குப் பிறகு ஒவ்வொரு ப்ராக்ஸும் சரிவை நோக்கித்தான் சாயும். அதிர்ஷ்டம் அடித்தால் ஒரு வருடம் அப்படியே நிற்பார், ஆனால் அதிர்ஷ்டத்தை நம்பி மூன்று வருடச் சம்பளத்தை வைக்கக் கூடாது. லெப்ரான் ஜேம்ஸைக் காட்டி வாதாடுகிறவர்கள் உங்கள் லீகிலும் இருப்பார்கள். 40 வயதில் சராசரி 24 புள்ளி எடுத்தார், 23-வது சீசனிலும் இறங்கி வின்ஸ் கார்டரின் 22-ஐத் தாண்டினார், உண்மைதான். ஆனால் நிரல் சராசரி மனிதனின் உடம்பை வைத்துத்தான் கணக்கிடுகிறது. நிஜ ஆட்டக்காரர்களை வைத்துப் பழைய சீசன் ஒன்றிலிருந்து லீகைத் தொடங்கினாலும், அமைப்பை மாற்றாதவரை அவர்களுடைய எதிர்காலம் குலுக்கல்தான். லெப்ரான் அங்கே 33-ல் சரிந்துவிடவும் கூடும். பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள், எண்களைப் பாருங்கள்.

விற்பதென்று முடிவு செய்தால் யாரிடம், எப்போது? கம்ப்யூட்டர் டீம்கள் இரண்டு வகை. கோப்பைக்கு ஆடும் டீம் இன்றைய பலத்துக்கு விலை கொடுக்கும். மறுகட்டுமானத்தில் இருக்கும் டீம் பிக்கையும் இளைஞரையும் பொத்திவைத்துக்கொண்டு சீனியரை அடிமாட்டு விலைக்குக் கேட்கும். ஆகவே விற்கும்போது முதல் வகையிடம் போங்கள், வாங்கும்போது இரண்டாம் வகையிடம் போங்கள். மனித ஜிஎம்கள் (டீமை நடத்தும் மேனேஜர்கள், அதாவது உங்கள் நண்பர்கள்) இன்னும் சுலபம். எட்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தவர், தன் ஸ்டார்ட்டர் காயம்பட்டு உட்கார்ந்தவர், இரண்டு வருடமாக இறுதியில் தோற்றவர் என்று உங்கள் 11 நண்பர்களில் யாராவது ஒருவர் எப்போதும் அவசரத்தில் இருப்பார். அவரிடம் பேசுங்கள். உங்கள் லீகில் ட்ரேட் கெடு இருந்தால் அதற்கு முந்தைய இரண்டு நாள்தான் சந்தையின் உச்சம். ப்ராக்ஸ் வந்த பிறகு விற்க நினைப்பது சந்தை கலைந்த பிறகு கடை விரிப்பதுதான். அந்த நேரத்தில் உங்கள் கையில் இருப்பவருக்கு ஒரு வயது கூடியிருக்கும், எண்ணும் இறங்கியிருக்கும், எதிரில் வாங்க ஆளும் இருக்க மாட்டார்.

வாங்கும் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பர்கள் எல்லாரும் வயதைப் பார்த்து மிரள்கிறார்கள் என்றால், 32 வயது ஷூட்டர்கள் உங்கள் லீகில் அடிமட்ட விலைக்குக் கிடைக்கிறார்கள் என்று அர்த்தம். நான் எடுத்த இரண்டு சாம்பியன்ஷிப்பும் அப்படி வாங்கிய ஆட்களால் வந்தது. இன்னொரு அனுகூலமும் உண்டு. நாம் பார்க்கும் ரேட்டிங்கில் கொஞ்சம் மங்கல் கலந்திருக்கும், டிராஃப்டுக்கு வரும் 19 வயதுப் பையனிடம் அது அதிகம். லீகில் பல வருடம் ஆடியவரிடம் அந்த மங்கல் தெளிந்திருக்கும். 60 என்று போட்டிருந்தால் ஏறக்குறைய 60-தான். பையனிடம் நீங்கள் வாங்குவது நம்பிக்கையை, சீனியரிடம் வாங்குவது கண்ணுக்குத் தெரியும் சரக்கை.

ஆனால் எதைக் கொடுத்து வாங்குகிறீர்கள் என்பதில் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டும். இதற்கு நிஜ என்பிஏவிலேயே ஒரு பாடம் இருக்கிறது, எந்த சிமுலேஷன் லீகில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் நான் முதலில் சொல்வது அதைத்தான். 2013 கோடையில் புரூக்ளின் நெட்ஸ், பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் வாங்கியது. கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. கொடுத்தது 2014, 2016, 2018 முதல் ரவுண்ட் பிக்குகள், போதாததற்கு 2017-ல் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை. அந்த சீசனில் நெட்ஸ் 44 ஆட்டம் ஜெயித்தது, 38 தோற்றது. இரண்டாவது சுற்றில் மயாமியிடம் ஐந்தே ஆட்டத்தில் வெளியேறியது. அடுத்த கோடையில் பியர்ஸ் வேறு டீமுக்குப் போய்விட்டார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டையும் அனுப்பிவிட்டார்கள். ஆட்கள் போன பிறகும் கடன் போகவில்லை. 2015-16-ல் 21 வெற்றி, 2016-17-ல் 20 வெற்றி. தோற்றால் நல்ல பிக்காவது கிடைக்கும் என்ற ஆறுதலும் இல்லை, ஏனென்றால் பிக் பாஸ்டனுடையது. 2016-ன் மூன்றாவது பிக் ஜேலன் பிரவுன் ஆனது. 2017-ல் அந்த மாற்றும் உரிமையால் கைமாறிய முதல் பிக்கை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்துவிட்டு மூன்றாவதுக்கு இறங்கி பாஸ்டன் ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024-ல் செல்டிக்ஸ் சாம்பியன், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பிரவுன்.

இந்தக் கதையைச் சொல்லி "பார்த்தாயா, வயதானவரை வாங்கக் கூடாது" என்று முடிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் சாம்பியனான டாலஸைப் பாருங்கள். கிட் 38, ஜேசன் டெர்ரி 33, ஷான் மேரியன் 33, நோவிட்ஸ்கி 33-ஐத் தொட ஒரு வாரம். எதிரே லெப்ரான், வேட், பாஷ் மூன்று பேரும் உச்சத்தில் இருந்த மயாமி. 4-2 என்று டாலஸ் ஜெயித்தது. அதுவும் கிழட்டு டீம்தான். நெட்ஸ் செய்த தப்பு வயதானவர்களை வாங்கியது இல்லை. ஓரிரு வருடம் மட்டுமே ஆடப்போகிறவர்களுக்கு ஐந்து வருடம் தள்ளி விழும் பிக்குகளை, எந்தப் பாதுகாப்பும் (மிக முன்னால் விழுந்தால் பிக்கைக் கொடுக்க வேண்டாம் என்ற நிபந்தனை) இல்லாமல் கொடுத்ததுதான் தப்பு. சீனியரை வாங்குவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அவர் உங்களிடம் ஆடப்போகும் காலத்துக்குள் விழும் பிக்கை மட்டும் கொடுங்கள். இரண்டு வருடம் ஆடுவாரா, இந்த வருடப் பிக்கும் அடுத்த வருடப் பிக்கும் பேசலாம். நீங்கள் நன்றாக ஆடும் வருடங்களின் பிக் அவை, கடைசி வரிசையில் விழும், எதிராளிக்கும் பெரிய லாபம் போகாது. அதற்கு மேல் தொட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

காண்ட்ராக்ட் விஷயம்தான் உங்கள் டீமில் உண்மையான நோய் என்று சந்தேகப்படுகிறேன். 8 பேருக்கு 31 வயதுக்கு மேல் என்று எழுதி அனுப்பத் தோன்றிய உங்களுக்கு, ஒருவரைத் தவிர மற்றவர்களுடைய காண்ட்ராக்ட் வருடத்தை எழுதத் தோன்றவில்லை. அதை முதலில் எழுதுங்கள். 33 வயதுக்காரருக்கு ஒரு வருடக் காண்ட்ராக்ட் எந்தச் சம்பளமாக இருந்தாலும் ஆபத்து இல்லை. அதே ஆளுக்கு 4 வருடம் கொடுத்தால், சம்பளம் பாதியாக இருந்தாலும் ஆபத்துதான். ரிலீஸ் செய்தாலும் சம்பளம் காண்ட்ராக்ட் முடியும்வரை உங்கள் கணக்கிலேயே கிடக்கும். மறுஒப்பந்தம் பேசும்போது வருடம் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். வருடம் குறைக்கக் கொஞ்சம் அதிகம் கேட்பார் என்றால் கொடுத்துவிடுங்கள். அந்தக் கூடுதல் பணம் நீங்கள் கட்டும் காப்பீட்டுத் தொகை.

பெஞ்சின் கடைசி மூன்று நான்கு இடத்தை மினிமம் சம்பள சீனியர்களைக் கொண்டு நிரப்புங்கள். சாஃப்ட் கேப் (டீமின் மொத்தச் சம்பளத்துக்கு, சில விலக்குகளோடு கூடிய உச்சவரம்பு) அமைப்பில், கேப்பைத் தாண்டியிருந்தாலும் மினிமம் சம்பளத்துக்கு ஆள் எடுக்கலாம். நிஜ என்பிஏவும் இந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. அங்கே அனுபவ வருடம் கூடக் கூட மினிமம் சம்பளமும் கூடும். அதனால் டீம்கள் மூத்தவரை ஒதுக்கிவிடக் கூடாது என்று, ஒரு வருட மினிமம் காண்ட்ராக்டில் இரண்டு வருட அனுபவக்காரருக்குரிய தொகையை மட்டும் டீமின் கணக்கில் வைத்து மீதியை லீகே கட்டுகிறது. நான் மிகவும் மதிக்கும் விதி அது. வயதானவனுக்கும் ஒரு நாற்காலி இருக்கட்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

ஆட்ட நேரத்தைப் பற்றி: காயம் ஆடும் நேரத்தில்தான் வரும், வயது கூடினால் வாய்ப்பும் கூடும். பெரிய காயம் வேகத்தையும் தாவலையும் நிரந்தரமாகவே குறைத்துவிடலாம். உங்கள் 34 வயதுக்காரருக்கு ரெகுலர் சீசனில் ஆட்ட நேர அமைப்பில் ஒரு மைனஸ் போடுங்கள், ப்ளேஆஃபில் எடுத்துவிடுங்கள். காயத்தோடு ஆடவிடும் அமைப்பும் ரெகுலர் சீசனுக்கும் ப்ளேஆஃபுக்கும் தனித்தனியாக இருக்கிறது, சீனியர்களுக்கு ரெகுலர் சீசனில் அதை இறக்கியே வையுங்கள். கோச்சிங் பட்ஜெட்டையும் ஏற்றுங்கள். நல்ல கோச்சிங் இளைஞரைச் சற்று வேகமாக வளர்க்கும், சீனியரின் சரிவையும் சற்றுத் தாமதப்படுத்தும். ஒரே சீசனில் தெரியாது, சில சீசன் விடாமல் செலவழிக்க வேண்டும். 8 சீனியர் வைத்திருக்கும் டீமுக்கு அந்தப் பணம் வீண் போகாது.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சீனியர் பக்கத்தில் உட்கார்ந்தால் பையன்கள் கற்றுக்கொள்வார்கள் என்று பலரும் நம்பி, 40 ரேட்டிங்குக்கு இறங்கியவரைக் கூடவே வைத்திருப்பார்கள். இந்த விளையாட்டில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. யுடோனிஸ் ஹாஸ்லெம் மயாமி ஒன்றுக்கே 20 சீசன் ஆடினார். கடைசிச் சில வருடங்களில் அவர் களமிறங்கிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணலாம். ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் அவருக்கு ஒரு இடம் வைத்தார்கள். டிரெஸ்ஸிங் ரூமில் அவர் குரல் என்ன செய்தது என்பதை எந்த எண்ணும் பிடிக்கவில்லை. நம் நிரலும் பிடிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. மூத்த ஆட்டக்காரனின் பாதி மதிப்பு அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறவன் நான். ஆனால் லீகை ஜெயிக்க வேண்டுமானால் விளையாட்டில் இருப்பதை வைத்துத்தான் ஆட முடியும்.

இன்று இரவு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு தாளில் 8 பேரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் நான்கு எண் போடுங்கள்: வேகம், தாவல், த்ரீ, அட்டாக் அறிவு. பக்கத்தில் காண்ட்ராக்ட் முடியும் வருடம். முதல் இரண்டு எண் கடைசி இரண்டைவிடப் பெரிதாக இருந்து, காண்ட்ராக்டும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பேரைச் சுற்றி வட்டம் போடுங்கள். அவர்களை நாளைக்கே ட்ரேட் சந்தையில் வையுங்கள். கடைசி இரண்டு எண் பெரிதாக இருப்பவர்களை யார் எவ்வளவு கேட்டாலும் ஒரு நாள் யோசிக்காமல் பதில் சொல்லாதீர்கள். சென்டர், பவர் ஃபார்வர்டு யாராவது த்ரீ போடுகிறவராக இருந்தால் அவரைத் தொடவே வேண்டாம்.

"கிழங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் இருந்தவரின் டீம் என்பதால் அந்த ஆட்களோடு உங்களுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. பாயின்ட் கார்டின் பக்கத்தைத் திறந்து கீழே வரை போய்ப் படியுங்கள். எந்த வருடம் டிராஃப்டில் வந்தார், எத்தனை ஆல்-ஸ்டார், எந்தத் தொடரில் எத்தனை புள்ளி என்று எல்லாம் வரிசையாக இருக்கும். நான் சொன்ன அந்த சென்டர் 36 வயதில் ஓய்வு பெற்றபோது ரேட்டிங் 44-க்கு வந்துவிட்டது. கடைசி ஆட்டத்தில் 11 நிமிடம் ஆடி இரண்டு த்ரீ போட்டிருந்தார். பாக்ஸ் ஸ்கோரை இரண்டு தடவை திறந்து பார்த்தேன். பிறகு டீம் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய் அவருடைய ஜெர்சி எண்ணை ஓய்வு பெற வைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் டீமில் யாரும் அந்த எண்ணைப் போடவில்லை.